வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது?

பெற்றோர் கூட்டங்களில் நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?" என்பதுதான் அது. "அக்கா எட்டாவது படிக்குது, அது பாத்துக்கும்", "டியூஷன் அனுப்பறோம்" என்று பதில்கள் வரும். நானும் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவேன்.

அப்படி ஒரு கூட்டத்தில், முதல் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், "எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?" என்றார். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அந்தக் குழந்தை அப்போது அரும்பு நிலையில் இருந்தாள். வேலை அவசரத்தில் நான், "எழுத்து தெரியாவிட்டால் என்ன? கொஞ்சம் அக்கறை இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டேன். சுற்றிலும் மற்ற பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவே இல்லை.

அக்கறை என்று நான் சொன்ன சொல் தவறு என்பதை எனக்கு உணர்த்தியவை இரண்டு வீடுகள். முதலாவது என்னுடையது.

என் வீட்டுக் காலை

எனக்கு இரண்டு குழந்தைகள். பெரியவள் 6ஆம் வகுப்பு, சிறியவனுக்கு 5 வயது. காலை 6 மணி முதல் 8 மணி வரை எங்கள் வீடு எப்படி இருக்கும் என்பதை இதைப் படிக்கும் ஆசிரியைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் என் கணவர் விளையாட்டாக, "நீ பையனிடம் என்னவெல்லாம் பேசுகிறாய் என்று எழுதப் போகிறேன்" என்று சொல்லி, பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மணிக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். எழுந்திரு. பல் தேய். தண்ணியைக் கொட்டாதே. சீக்கிரம். சட்டையை மாற்று. சாப்பிடு. வாயை மூடிக்கொண்டு சாப்பிடு. சீக்கிரம். பக்கம் முழுவதும் கட்டளைகள். கேள்விகள் மூன்றே மூன்று. அவற்றில் இரண்டு, "இன்னுமா முடிக்கல?" என்பது. மூன்றாவது, "உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

அந்த இரண்டு மணி நேரத்தில் என் மகன் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றும் அதில் பதிவாகியிருந்தது. "அம்மா, இட்லி ஏன் பொங்குது?" அதற்கு என் பதில், "சீக்கிரம் சாப்பிடு."

அக்கறை இல்லாமலா நான் அப்படி இருந்தேன்? இல்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான். பட்டம் படித்த எனக்கே வீட்டில் இதுதான் நிலைமை என்றால், விடியும் முன்பே கடலை பறிக்கப் போகும் தாயிடம் நான் என்ன உரிமையில் அக்கறையைப் பற்றிப் பேசினேன்?

எண்ணிக்கையா, பேச்சா?

வீட்டுப் பேச்சைப் பற்றி 1995இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 42 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இருவர் அதைச் செய்தார்கள். வசதியான வீட்டுக் குழந்தைகள் காதில் விழும் சொற்கள் மிக அதிகம், வறிய வீடுகளில் மிகக் குறைவு என்பது அவர்களின் முடிவு. பயிற்சி வகுப்புகளிலும் இதைப் பலர் கேட்டிருப்போம்.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை மறுத்தும் பேசினார்கள். குழந்தையைப் பார்த்துப் பெற்றவர் பேசுவதை மட்டும் எண்ணினால் போதாது; பாட்டி, அத்தை, அண்ணன், அக்கா பேசுவதும், பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைக் குழந்தை கேட்பதும் கணக்கில் வர வேண்டும் என்றார்கள். திண்ணையும் தெருக்குழாயும் உள்ள நம் ஊர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு 4 முதல் 6 வயதுக்கு உட்பட்ட 36 குழந்தைகளை வைத்து நடந்தது. குழந்தையின் காதில் எத்தனை சொற்கள் விழுகின்றன என்பதைவிட, பெரியவரும் குழந்தையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதே மொழித்திறனோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதை அது காட்டியது. பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு இருந்தது.

அந்த நோட்டுப் பக்கத்தை இந்த ஆய்வோடு வைத்துப் பார்த்தேன். சொற்களுக்கு என் வீட்டில் பஞ்சமில்லை. குழந்தை திருப்பிப் பேச நான் இடம் விடவில்லை.

இரண்டு டம்ளர் சண்டை

இடம் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருநாள் மாலை இருவருக்கும் ரோஸ்மில்க் ஊற்றினேன். மகளுக்கு உயரமான டம்ளர், மகனுக்கு அகலமான குட்டை டம்ளர். கரண்டியால் அளந்து சமமாகத்தான் ஊற்றினேன். "அக்காவுக்குத்தான் நிறைய!" என்று அழ ஆரம்பித்துவிட்டான். "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றேன். கேட்கவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் என் குரல் உயரும். அன்று, "அப்ப எப்படித் தெரிஞ்சுக்கலாம்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அக்காதை இதே மாதிரி டம்ளர்ல ஊத்து" என்றான். அலமாரியிலிருந்து இன்னொரு குட்டை டம்ளரை எடுத்து ஊற்றினோம். இரண்டும் ஒரே உயரம். "இப்ப சரி" என்றான். மகள் தன்னுடையதை மறுபடி உயரமான டம்ளரில் ஊற்றிக்கொண்டாள். உடனே, "ஐயோ, திரும்பவும் அக்காவுக்கு நிறைய ஆயிடுச்சு!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் பி.எட். படித்தபோது பியாஜே பற்றித் தேர்வுக்கு எழுதிய விடை எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. பாத்திரத்தின் வடிவம் மாறினாலும் உள்ளே இருக்கும் அளவு மாறாது என்ற புரிதல், பெரும்பாலான குழந்தைகளுக்கு 7 வயதை ஒட்டித்தான் உறுதிப்படுகிறது. அதுவரை குழந்தை உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறது. அதைப் பிடிவாதம் என்றோ பொறாமை என்றோ நாம் நினைத்துக்கொள்கிறோம். அதட்டிச் சொன்னால் அழுகை நிற்கலாம், புரிதல் வராது. ஊற்றி, மாற்றி, மறுபடி ஊற்றிப் பார்க்கும் அனுபவமே அந்தப் புரிதலுக்கு உரம். அதற்கு ஓர் அடுக்களை போதும்.

பியாஜே பிறந்த அதே 1896ஆம் ஆண்டில் பிறந்தவர் வைகாட்ஸ்கி. குழந்தை தனியாகச் செய்ய முடியாத ஒன்றை, தெரிந்தவர் ஒருவர் துணையோடு செய்ய முடிகிற இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்றார் அவர். தெரிந்தவர் என்றால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைத்தான் இரண்டாவது வீடு மாற்றியது.

எட்டுத் தோலுக்கு ஒரு கல்

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக மே மாதத்தில் ஒரு மாலை அந்தத் தெருவுக்குப் போனேன். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் மானாவாரி விதைப்புக்கு முன்பு வீடுகளில் கடலை உடைப்பார்கள். விதைக்கான பருப்பு உடையாமல் வர வேண்டும் என்பதால் கையால் உடைத்து, படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள்.

கூட்டத்துக்கு வராமல் போன அந்தத் தாய், வாசலில் சாக்கை விரித்துக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மாணவி. கையில் ஓர் ஆழாக்கு. அம்மா உடைத்துப் போட்ட பருப்பை அள்ளி, விரலால் தலைதட்டி, கூடையில் கொட்டினாள். கொட்டிய ஒவ்வொரு முறையும் ஒரு கடலைத் தோலை ஓரமாக எடுத்து வைத்தாள். எட்டுத் தோல் சேர்ந்ததும் அவற்றை வழித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்தாள். மறுபடி முதல் தோலிலிருந்து தொடங்கினாள்.

நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுத் தோலுக்கு ஒரு கல். இதே கருத்தைத்தான் நான் வகுப்பில் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து என்று நடத்தினேன். அவளுக்குப் புரியவில்லை என்று பதிவேட்டில் குறித்தும் வைத்தேன்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்று அவளிடம் கேட்டேன். அம்மாவைக் காட்டினாள். தாய் வெட்கப்பட்டு, "எங்கம்மா இப்பிடித்தான் வெப்பாங்க டீச்சர். மறந்து போவாம இருக்க" என்றார்.

அங்கேயே சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, "அன்னிக்குக் கூட்டத்துல நான் பேசினது தப்புங்க" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, "எல்லார் எதிர்லயும் சொல்லிட்டீங்களா, அதான்" என்றார். பிறகு எனக்கும் ஒரு கை பச்சைக் கடலை கொடுத்தார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்புக்குப் புளியங்கொட்டைகளும் கூழாங்கற்களும் கொண்டு போனேன். "எட்டுக்கு ஒரு கல் வெப்பியே, இப்ப பத்துக்கு ஒரு கல் வெப்போமா?" என்று அவளிடம் கேட்டேன். அவள்தான் மற்ற பிள்ளைகளுக்குச் செய்து காட்டினாள். எண்களை எழுத அவளுக்கு இன்னும் சில வாரங்கள் ஆயின. இப்போதும் 6ஐயும் 9ஐயும் சில நேரம் மாற்றி எழுதுகிறாள். ஆனால் பத்துகளும் ஒன்றுகளும் அவளுக்குக் குழப்பமாக இல்லை.

உயர்நிலை வகுப்புகளுக்கும் இது பொருந்தும்

சில ஆண்டுகள் 6ஆம் வகுப்புக்குக் கணிதம் எடுத்திருக்கிறேன். 1/4இன் பாதி எவ்வளவு என்று கேட்டால் பலர் 1/2 என்பார்கள். ஆனால் விடை தமிழிலேயே இருக்கிறது. காலில் அரை, அரைக்கால். அதாவது 1/8. ஒரு படியில் கால் பங்கு உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. எனவே ஆழாக்கு என்பது அரைக்கால் படி. இந்தப் பாத்திரங்கள் இன்னும் பல வீடுகளில் அரிசிப் பானைக்குள் கிடக்கின்றன. பின்னப் பாடத்தின் முதல் நாள், வீட்டிலிருந்து கேட்டு வரச் சொல்லலாம். பாட்டிகளுக்குத் தெரியும்.

கூட்டத்தில் எதைக் கேட்பது?

1, 2ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்பது என்.சி.இ.ஆர்.டி.யின் நிலைப்பாடு. 2018இல் சென்னை உயர்நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே பெற்றோரை வீட்டுப்பாட மேற்பார்வையாளர்களாக்குவது நம் வேலை இல்லை. இப்போது என் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: "வீட்டில் நீங்களும் பிள்ளையும் சேர்ந்து என்ன வேலை செய்கிறீர்கள்?"

பதில்கள் வேறு மாதிரி வருகின்றன. ஒருவர் பூ கட்டுகிறார்; கண்ணியும் முழமும் பிள்ளைக்குத் தெரியும். ஒருவர் பால் ஊற்றப் போகும்போது மகனைக் கூட்டிப் போகிறார். கொத்தனார் ஒருவரின் மகளுக்குத் தூக்குக்குண்டு எதற்கு என்று தெரியும். இதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்கிறேன். பாடத்துக்கு எடுத்துக்காட்டு தேடும்போது அந்த நோட்டைத்தான் முதலில் புரட்டுகிறேன்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்றுதான்.

• செய்கிற வேலையில் குழந்தைக்கு ஒரு சிறு பங்கைக் கொடுங்கள். தட்டு எடுத்து வைப்பது, வெங்காயத்தைப் பெரிது சிறிதாகப் பிரிப்பது, துணிகளில் யாருடையது எது என்று அடுக்குவது போதும்.

• வேலை செய்யும்போது ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். தவறாகச் சொன்னால், "எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேளுங்கள்.

• குழந்தை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "நாளைக்கு டீச்சரைக் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று அனுப்புங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூடவே உட்கார்ந்து அரைமணி நேரம் கைகொடுப்பது வேறு; கூலிக்காகக் குழந்தையின் விளையாட்டையும் தூக்கத்தையும் பள்ளியையும் பறிப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கூட்டத்தில் தெளிவாகவே சொல்லிவிட வேண்டும். அதேபோல், வீட்டை இன்னொரு வகுப்பறையாக்கிக் குழந்தையை ஓயாமல் சோதிக்கவும் வேண்டாம்.

என் வீட்டுக் காலை முழுக்க மாறிவிட்டது என்று சொன்னால் பொய். பேருந்து 8.10க்கு வந்துவிடும், "சீக்கிரம்" இன்னும் இருக்கிறது. ஆனால் முந்தின நாள் இரவு மாவு கரைக்கும்போது மகன் பக்கத்தில் நிற்கிறான். உப்பு போடுவது அவன் வேலை. பாத்திரத்தில் மாவு எதுவரை இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்கிறான். காலையில் எழுந்ததும் அது எவ்வளவு பொங்கியிருக்கிறது என்று பார்க்க ஓடுகிறான். இட்லி ஏன் பொங்குகிறது என்ற கேள்விக்கு நாங்கள் இருவரும் இப்போது மெதுவாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடந்த கூட்டத்துக்கு அந்தத் தாய் வந்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் சேர்ந்து என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்டபோது, முதலில் எழுந்து பேசியவர் அவர்தான்.