கமக்காரியின் ஒரு நாள்

கமக்காரன் என்று சொன்ன மாத்திரத்தே நம் மனக்கண்முன் எழுவது, தோளில் மண்வெட்டியுடன் நிற்கும் ஓர் ஆணின் உருவமே. ஆயின் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டமொன்றைப் பாத்தி பாத்தியாகப் பார்த்து வருவோமானால் வேறொரு காட்சி தோன்றும். வெங்காயம் நடுதல், களை பிடுங்குதல், மிளகாய்ப் பழம் ஆய்தல், விளைந்த வெங்காயத்தைத் தாளுடன் பிடியாகக் கட்டுதல் எனக் குனிந்து செய்யும் வேலைகளிற் பெரும்பாலானவை பெண்களின் கையாலேயே நடைபெறுகின்றன. வீட்டு வேலையும் அவர்களுடையதே.

இவ்விரண்டையும் ஒரே பகலுக்குள் அவர்கள் எங்ஙனம் அடக்குகின்றனர்? ஒன்றை மற்றொன்றினுள் மடித்து வைத்துத்தான். களையாகப் பிடுங்கிய புல், வீடு திரும்பும்போது மாட்டுக்கு உணவாகிறது. மாட்டெரு மீண்டும் தோட்டத்துக்குச் செல்கிறது. உலையில் அரிசி வேகும் வேளையில் நடுகைக்குரிய வெங்காயம் தெரிந்தெடுக்கப்படுகிறது. பிள்ளையின் பாடத்தைக் கேட்டவாறே முற்றத்து மிளகாயைக் கிளறிவிடுகிறாள் தாய்.

வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டிற் கிணறே தோட்டத்தின் உயிர். பங்குக் கிணறாயின் இன்னாருக்கு இன்ன நாள் என்ற இறைப்பு முறை உண்டு. தம் முறை வரும் நாளில் வீட்டின் சமையல் நேரமே மாறிவிடும். வைகறையிற் பிட்டு அவித்து, இறைப்போருக்குத் தேநீர் கொண்டு சென்று, அப்படியே களை பிடுங்க அமர்ந்துவிடுவாள்.

முன்னாளிலே துலா மிதிக்கவும், பட்டை பிடிக்கவும், பாத்திக்குத் தண்ணீர் கட்டவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபின் அவ்வுழைப்புப் பெரிதுங் குறைந்தது. நல்ல மாற்றமே, ஆயினும் குறைந்தது பெரும்பாலும் ஆண்களின் பாரம். களையெடுப்பு கைவேலையாகவே நின்றது. 2009இல் போர் முடிந்தபின் குடும்பத் தலைமையைத் தாமே தாங்கிய வடபகுதிப் பெண்களுக்கோ, இயந்திரமும் சந்தையும் கமநல சேவை நிலையமும் புதிதாகச் சேர்ந்தன. அடுப்பு மட்டும் அவர்களை விட்டு அகலவில்லை.

உழைப்பை அளக்கும் கணக்குகள் இவ்வீட்டுப் பணியை நெடுங்காலம் வேலையென்றே கொள்ளவில்லை. தொழிற் புள்ளிவிபரவியலாளரின் சர்வதேச மாநாடு 2013இலேதான் ஊதியமின்றிச் செய்யும் வீட்டுப் பணியும் வேலையே என வரையறுத்தது. நம் நாட்டின் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் மக்களின் நேரப் பயன்பாட்டை ஆராய்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையோ 2026ஆம் ஆண்டைப் பெண் விவசாயிகளின் சர்வதேச ஆண்டாக அறிவித்தது.

இக்கணக்குகளாற் பயன் என்னவெனச் சிலர் வினவலாம். கணக்கில் ஏறாத நேரம், யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய நேரமாகிவிடும் என்பதே விடை. விவசாயப் போதனாசிரியரின் வகுப்பு முற்பகல் 10 மணிக்கு நடந்தால், அவ்வேளையில் அவள் பாத்தியில் இருப்பாள். அன்றேல் அடுப்படியில் இருப்பாள். இலையில் நோயின் குறியை முதலிற் காண்பவள் அவள். அதற்குரிய பரிகாரத்தைக் கேட்டு வருபவர் மற்றொருவர். இதனாற் பயிருக்கும் நட்டம் உண்டு.

நேரத்தை ஆளும் கலையை இப்பெண்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. அடுப்படியிலும் கிணற்றடியிலும் அவர்களுடன் சேர்ந்து உழைக்க இன்னொருவர் கை நீளவேண்டும். அவர்கள் வரக்கூடிய வேளையில் வகுப்புகள் நடைபெறவேண்டும்.

ஆசிரியர்களும் இதில் ஒன்று செய்யலாம். தாயின் தொழில் யாதெனக் கேட்கும்போது, தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையொன்று, "அம்மா வீட்டிலே சும்மா இருக்கிறா" என்று சொல்லுமாயின், "அப்படியானால் வெங்காயம் நட்டது ஆர்?" என்று மறுபடியும் கேளுங்கள். விடை அப்பிள்ளைக்குத் தெரியும்.