ஆறும் கரையும்

சைபீரியாவில் ரக்பியா என்று நானும் வியந்தேன். மாஸ்கோவிலிருந்து ரயிலில் சுமார் 4,100 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராஸ்நோயார்ஸ்க் நகரில் ஒன்றுக்கு இரண்டு தொழில்முறைக் குழுக்கள்! 1969இல் தொடங்கிய கிராஸ்னி யார், 1628இல் கோட்டையாக எழுந்த அவ்வூரின் பழம்பெயரைத் தாங்குகிறது. ‘சிவந்த கரை’ என்று பொருள். 1975இல் பிறந்த எனிசேய்-எஸ்.டி.எம். பெயரில் ஊர் நடுவே ஓடும் நதியும், சிப்தியாஜ்மாஷ் என்ற கனரக இயந்திர ஆலையின் எழுத்துகளும் உள்ளன. தேசியப் பட்டம் பல ஆண்டுகள் இவ்விரண்டுக்குள்தான்.

2017இல் இரண்டுமே ஐரோப்பிய சேலஞ்ச் கோப்பையில் ஆடின. பாரிஸின் ஸ்தாத் பிரான்சேயைக் கிராஸ்னி யார் வீழ்த்தியது. எனிசேய் ரசிகர்கள் கைதட்டியிருப்பார்களா? மோகன் பகான்-ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தன்று என் மகனும் மருமகனும் முகம் பார்க்காமல் சாப்பிடும் கல்கத்தா வீட்டிலிருந்து சொல்கிறேன்: சந்தேகம்தான்.