கையெழுத்துப் போட்டீர்களே, படித்தீர்களா?

லைசென்ஸ் வாங்கப் போன அன்று டிரைவிங் ஸ்கூல் அண்ணன் ஒரு படிவத்தை நீட்டி, "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று விரலால் காட்டினார். போட்டேன். நீங்களும் அப்படித்தான் போட்டிருப்பீர்கள். சத்தியமாகச் சொல்லுங்கள், அதில் என்ன கேட்டிருந்தது என்று படித்தீர்களா?

1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் வருகிற 'படிவம் 1' அது. நம் உடம்பைப் பற்றி நாமே கொடுக்கிற உறுதிமொழி. முதல் கேள்வியே, வலிப்பு உண்டா, அல்லது எந்தக் காரணத்தாலாவது திடீரென்று நினைவு தப்புவது, தலைசுற்றல் உண்டா என்பதுதான். 'எந்தக் காரணத்தாலாவது' என்பதில் இதயம், ரத்தக்குழாய், கிட்னி எல்லாமே அடக்கம். நமக்குப் பதிலாக 'இல்லை' என்று எழுதியது யார்? டிரைவிங் ஸ்கூல் அண்ணன்!

'ஒரு வார்த்தைதானே சார், இதிலென்ன?' என்கிறீர்களா? ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம். 2014 டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்க, கடைவீதியில் ஜேஜே என்று கூட்டம். குப்பை லாரி ஓட்டி வந்தவருக்கு ஸ்டியரிங்கிலேயே நினைவு தப்பியது. லாரி தறிகெட்டு ஓடியது வெறும் 19 விநாடி. ஆறு பேர் செத்துப்போனார்கள். மாரடைப்பா? அதுகூட இல்லை. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, மூளைக்கு ரத்தம் குறைந்து வருகிற மயக்கம். விசாரணையில் வெளிவந்த விஷயம்தான் வயிற்றைக் கலக்குகிறது. 2010-லேயே, பஸ் ஓட்டிய காலத்தில், அவர் டிரைவர் சீட்டில் மயங்கியிருக்கிறார். டாக்டரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அடுத்து வேலை கேட்ட இடத்திலும் மறைத்துவிட்டார்.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். ஐந்து விநாடி கண் இருட்டினால், 80 மீட்டருக்கு மேல் வண்டி யார் பொறுப்பிலும் இல்லை.

"எனக்கு வயசு இருபத்தேழு. இதெல்லாம் எங்கப்பா சமாச்சாரம்!" அப்படியா? ஷட்டில் ஆடும்போதோ, ஓடும்போதோ ஒரு தடவை மயங்கி விழுந்திருந்தால், 'வெயில்ல சாப்பிடாம ஆடினேன்' என்று விட்டுவிடாதீர்கள். துடிப்பில் கோளாறு இருக்கிறதா என்று ஈ.ஸி.ஜி. எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

அப்பா சமாச்சாரத்துக்கும் வருவோம். பி.பி. மாத்திரை புதிதாக ஆரம்பித்த, அல்லது டோஸ் கூட்டிய முதல் சில நாட்கள் எழுந்து நின்றாலே கிறுகிறுக்கும். வண்டிச் சாவியை ஒளித்து வையுங்கள். பிரிட்டனில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நாள் கணக்கே உண்டு. ஸ்டென்ட் நல்லபடியாக வைத்தாயிற்றா, ஒரு வாரம் ஓட்டக்கூடாது. பேஸ்மேக்கருக்கும் ஒரு வாரம். பைபாஸ் என்றால் நாலு வாரம். நம்மூர் படிவத்தில் அந்தக் கணக்கு கிடையாது, டாக்டரைத்தான் கேட்கவேண்டும். கேட்கும்போது 'பைக்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பைபாஸுக்காக அறுத்த நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதற்குள் வீராப்பாக சென்டர் ஸ்டாண்ட் போட்டால், தையல் போட்ட டாக்டர் அழுவார்.

கிட்னி கேஸ் இன்னும் நூதனம். எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் அண்ணாச்சிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் நீரை உறிஞ்சி எடுத்துவிடுவதால், முடிந்து எழும்போது பி.பி. இறங்கித் தலை சுற்றலாம். மற்ற நாட்களில் டாக்டர் சம்மதத்தோடு அவரே ஸ்கூட்டர் ஓட்டுகிறார். ஆனால் ஒரு நாள், டயாலிசிஸ் முடிந்த கையோடு "பக்கம்தானே" என்று கிளப்பியவர், முதல் சிக்னலிலேயே கண் இருட்டி, பக்கத்து ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆட்டோக்காரர் திட்டிவிட்டு, வீடுவரை கொண்டு விட்டாராம்.

இப்போது அந்த மூன்று நாளும் மதினிதான் ஓட்டுகிறார். அண்ணாச்சி பின்சீட்டு. "சாயங்காலமெல்லாம் சுத்தமா தலைசுத்தறது இல்லப்பா. உங்க மதினி லாரியை ஓவர்டேக் பண்றப்போ மட்டும் லேசா..." என்கிறார்.