எந்த ஈ? எங்கே பிறந்த ஈ?

பக்கத்து பெஞ்சு ரெக்கார்டை அப்படியே பார்த்து எழுதினால் 'ஈ அடிச்சான் காப்பி' என்கிறோம். வியாபாரம் இல்லாத கடைக்காரர் 'ஈ ஓட்டுகிறார்' என்கிறோம். பேச்சுக்குப் பேச்சு வருகிற இந்த ஈயைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? துண்டை எடுத்து விரட்டத் தெரியும், அவ்வளவுதான். விரட்டின ஈ அடுத்த நிமிஷமே அதே தட்டில் வந்து உட்காரும். ஈயை ஒழிக்க வேண்டுமானால் அது பிறந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த இடம் எது என்பதை ஈயின் உருவமே காட்டிக்கொடுக்கும்.

பத்து நாள் வாழ்க்கைக் கணக்கு

ஒரு வீட்டு ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை இடும். வாழ்நாளில் சுமார் 500. நம்ம ஊர் வெயிலில் ஒரே நாளில் முட்டை பொரித்துப் புழுவாகிவிடும். புழு ஈரமான சாணத்திலோ குப்பையிலோ சில நாள் தின்று வளரும். பிறகு உலர்ந்த ஓரமாகப் போய்க் கூட்டுப்புழு ஆகும். ஆக, 7 முதல் 10 நாளில் புது ஈ தயார்!

இறக்கை முளைத்த பிறகு ஈ வளர்வதே இல்லை. ஆகவே சின்ன ஈயைப் பார்த்து 'ஈக்குஞ்சு' என்று நினைக்காதீர்கள். அது வேறு ஜாதி.

வீட்டு ஈக்குக் கடிக்க வாய் கிடையாது. கெட்டியான பண்டத்தின் மேல் எச்சிலைக் கக்கி, கரைத்து, உறிஞ்சிக் குடிக்கும். மலத்தில் மேய்ந்த காலோடு நம்ம சோற்றில் உட்காரும். சீதபேதி, டைபாய்டு, காலரா கிருமிகள் இப்படித்தான் சவாரி செய்கின்றன.

ஆளை அடையாளம் காணுங்கள்

1. சாம்பல் நிறம், முதுகில் நான்கு கருங்கோடு: வீட்டு ஈ. பிறந்த இடம் சாணம், கோழி எச்சம், அழுகிய சமையல் கழிவு.

2. பளபளக்கும் பச்சை அல்லது நீலம்: மீன், இறைச்சி, செத்த பிராணி. திடீரென்று வீட்டுக்குள் இவை நிறைய வந்தால் பரணில் எலி செத்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. மிகச் சிறியது, பழுப்பு உடம்பு, சிவப்புக் கண்: பழ ஈ. கனிந்த வாழைப்பழம், மாம்பழத்தோல்.

4. குளியலறைச் சுவரில் குட்டி அந்துப்பூச்சி மாதிரி, இறக்கையில் பூனைமயிர்: சாக்கடை ஈ. தண்ணீர் போகும் குழாயின் உள்பக்க வழவழப்பில் பிறக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும்.

5. வீட்டு ஈ போலவே இருந்து, சுருக்கென்று குத்தினால்: தொழுவ ஈ. மாட்டுக்கொட்டகையையும் அழுகிய வைக்கோலையும் பாருங்கள்.

எங்க தெருவில் நடந்தது

எங்க அம்மா கோவளத்தில் மீன் வாங்கிவந்து கேளம்பாக்கத்தில் கூடையில் விற்கிறவர். அந்தக் காசில்தான் நான் டிப்ளமோ படிக்கிறேன். தெருவில் ஈ அதிகமானால் முதல் பேச்சு எங்க வாசலில்தான். "எல்லாம் இந்த மீன்கூடையால வர்றது, வேற இடம் பார்த்துக்கங்க" என்றுகூடச் சொல்லிவிட்டார்கள்.

போன மழைக்காலத்தில் ஈ ஒட்டும் அட்டை நாலு வாங்கி, நாலு வீட்டில் வைத்து எண்ணிப் பார்த்தேன். பச்சை ஈ விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றதெல்லாம் கோடு போட்ட சாம்பல் ஈ. மீன் கழிவிலும் இது முட்டையிடும் என்பது உண்மை. ஆனால் அம்மா செதிலையும் குடலையும் அன்றன்றே குழியில் போட்டு மண் தள்ளி மூடிவிடுவார். தெருமுனையில் சாணமும் சோற்றுக் கழிவும் கலந்த குவியல் ஒன்று இருந்தது. குச்சியால் கிளறிக் காட்டினேன். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது! பார்த்தவர்கள் ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே குவியலை அள்ளினார்கள். இரண்டு வாரத்தில் ஈ குறைந்தது. அம்மாவின் கூடை அதே வாசலில்தான் இருக்கிறது.

மருந்து அடித்தால் போதாதா?

பூச்சிகளை டி.டி.டி. கொல்லும் என்று 1939-ல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1946-47லேயே அதற்கு மசியாத வீட்டு ஈக்கள் ஐரோப்பாவில் தோன்றிவிட்டன. மருந்துக்குத் தப்பின ஈயின் பிள்ளைகளும் தப்பும். பத்து நாளுக்கு ஒரு தலைமுறை என்றால் கேட்கவா வேண்டும்?

கருவாட்டின் மேல் மருந்து தெளிப்பது அதைவிட ஆபத்து. அது நேராக நம்ம வயிற்றுக்குத்தான் போகும். உப்பளம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உப்பு நன்றாக ஏறின மீனைப் பச்சை ஈ அவ்வளவாக நாடாது. மணலில் போடாமல், உயரமான பரணில் வலை மூடிக் காயவைத்தால் இன்னும் நல்லது.

சிவில் நண்பர்கள் கவனத்துக்கு!

இன்றைய ஜிம்பாப்வே நாட்டில் 1975-ல் ஒரு சோதனை நடந்தது. 78 நாளில், காற்றுக்குழாய் இல்லாத குழிக்கழிப்பறையில் 13,953 ஈக்கள் பிடிபட்டன. குழாய் வைத்ததில் 146 மட்டுமே! நாற்றம் குழாய் வழியே மேலே போய்விடுவதால் வெளி ஈ குழிக்கு வருவது குறைவு. உள்ளே பிறந்த ஈ வெளிச்சத்தைத் தேடிக் குழாயில் ஏறும். உச்சியில் கட்டிய வலை அதை வெளியே விடாது. நம்ம வீட்டு செப்டிக் டேங்க் வென்ட் பைப்புக்கும் ஒரு துண்டு வலை கட்டிப் பாருங்கள். மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் வேலை உண்டு. கோழிப்பண்ணையில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் எச்சம் ஈரமாகிப் புழு வைக்கும். ஒழுக்கை அடைத்து எச்சத்தை உலரவிட்டால் பாதித் தொல்லை போச்சு.

செய்ய வேண்டியவை

ஈரக் கழிவையும் காய்ந்த குப்பையையும் பிரித்து வையுங்கள். குப்பைக்கூடைக்கு மூடி போடுங்கள். ஈரக் குப்பையும் சாணமும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது இடம் மாறட்டும். புழு ஈயாக மாற நாள் கொடுக்காதீர்கள். உரக்குழியை நன்றாக மிதித்து இறுக்கி மூடுங்கள். உள்சூட்டிலேயே புழு சாகும். சோற்றுப் பானைக்குத் தட்டு, ஜன்னலுக்கு வலை.

அடுத்த தடவை தட்டில் ஈ உட்கார்ந்தால், கையை ஓங்கும் முன் அதன் முதுகைப் பாருங்கள். பிறகு யாருடைய வாசலையும் குறை சொல்லாமல், குவியலைத் தேடிப் போங்கள்!

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு