விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள்

தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரங்களில் ஹெப்பாளில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். "ரீவேல்யுவேஷன் போடலாமா, பேசாமல் அடுத்த முறை எழுதிவிடலாமா?" பிழைப்புக்காக மைசூருக்கு வந்த நம்மில் பலருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பல்கலைக்கழகச் சுற்றறிக்கை என்றாலே ஒதுங்கிவிடுகிறோம். ரயில்வேயில் விதிப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால், இவ்விஷயமாக அன்பர்கள் என்னைத் தேடி வருவதுண்டு.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பிள்ளை எந்த விதியின் கீழ் படிக்கிறான் என்பதைத்தான். 1998இல் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பெல்காமில் தொடங்கியபின் இங்குள்ள பொறியியல் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. பிறகு என்.ஐ.இ. தன்னாட்சி பெற்றது, அங்கு தேர்வு நடத்துவது கல்லூரியே. எஸ்.ஜே.சி.இ. 2016இல் தனிப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகிவிட்டது. ஆக, ஒரே தெருவில் மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று அலுவலகங்கள். போதாததற்கு, சேர்ந்த ஆண்டைப் பொறுத்து 'ஸ்கீம்' வேறு மாறும். எத்தனை பாடம் பாக்கியோடு அடுத்த ஆண்டுக்குப் போகலாம், எப்போது 'இயர் பேக்' விழும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. 2018 ஸ்கீமில் படித்த அண்ணன் சொல்வதை நம்பி, 2022 ஸ்கீமில் படிக்கும் தம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி விடைத்தாளுக்கு வருவோம். 2008இல் சி.பி.எஸ்.இ. தேர்வெழுதிய ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவர், மதிப்பெண் குறைந்ததாகக் கருதித் தம் விடைத்தாளைப் பார்க்கக் கேட்டார். வாரியம் மறுத்தது. வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றம் வழியாக உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2011 ஆகஸ்ட் 9 அன்று நீதிபதிகள் ரவீந்திரன், பட்நாயக் இருவரும் தீர்ப்பளித்தார்கள்: தகவல் உரிமைச் சட்டப்படி மாணவர் தம் விடைத்தாளைப் பார்க்கலாம், நகலும் பெறலாம். திருத்தியவர் பெயர் மட்டும் மறைக்கப்படும்.

பார்க்கும் உரிமை வேறு, மறுபடி திருத்தச் சொல்லும் உரிமை வேறு. விதியில் மறுமதிப்பீடு இல்லையென்றால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு ஓடுகிறார்கள்.

இன்னொன்று. தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். மலிவுதான். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மறுமதிப்பீட்டுக்கான கடைசித் தேதி போய்விடலாம். ஆகவே பல்கலைக்கழகமே நகல் தரும் ஏற்பாடு இருந்தால், கட்டணம் கூடுதலானாலும் அந்த வழியிலேயே முதலில் கேளுங்கள். விடைத்தாள்களையும் குறிப்பிட்ட காலத்துக்குமேல் வைத்திருக்க மாட்டார்கள். ரயில்வேயில் தண்டனை உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு. மாணவர்களுக்கு அவ்வளவு தாராளம் கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கடைசி செமஸ்டரில் ஒரு பாடம் போயிற்று. வேலைக்கான கடிதம் கையில் இருந்தது. பாக்கி இருந்தால் அது செல்லாது. தகப்பனார் "தலையெழுத்து சார்" என்று உட்கார்ந்துவிட்டார். நகல் வாங்க வைத்தோம். பின்பக்கம் ஒரு விடை திருத்தப்படாமலே கிடந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் மறுமதிப்பீட்டுக்கு மனுப் போட்டாள், தேறினாள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். வேறொரு பையன் நகலைப் பார்த்துவிட்டு, "சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் அங்கிள்" என்று சொல்லிப் படிக்கப் போய்விட்டான். மறுமதிப்பீட்டுக் கட்டணம் மிச்சம்!

2023இல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிகளின்படி, கல்லூரியில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அதன் முடிவு திருப்தி இல்லையேல் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் 'ஆம்பட்ஸ்பர்சன்' எனும் குறைதீர் அதிகாரியிடம் போகலாம். மார்க் போதவில்லை என்று மட்டும் எழுதினால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். முடிவையே பாதித்த முறைகேடு இன்னது என்றோ, பாரபட்சம் இன்னது என்றோ குறிப்பாகக் காட்ட வேண்டும்.

மனு எழுதத் தயக்கமாக இருந்தால் ஞாயிறு மாலைகளில் வீட்டுக்கு வாருங்கள். ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல், கட்டணம் கட்டிய ரசீது மூன்றையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். கையெழுத்துப் போட வேண்டியது அவன்தான்.