அப்ரண்டிஸா, டிரெய்னியா, தொழிலாளியா? கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

சென்னையில் பாடி மேம்பாலத்தைச் சுற்றியுள்ள சுவர்களிலும் அம்பத்தூர் எஸ்டேட் போகும் வழியிலுள்ள மின்கம்பங்களிலும் ஒரே மாதிரி நோட்டீஸ்கள் ஒட்டப்பட்டிருக்கும். 'ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிளஸ் டூ. பாஸ், ஃபெயில் இரண்டும் வரலாம். உடனடி வேலை. சாப்பாடு, தங்குமிடம் இலவசம்.' சிலவற்றில் 'அரசுத் திட்டம்' என்ற ஒரு சொல்லும் சேர்ந்திருக்கும். அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இளைஞர்களை வேலையில் சேர்க்க மத்திய அரசும் மாநில அரசும் உண்மையிலேயே பணம் ஒதுக்குகின்றன. அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது, அதில் உங்களுக்குரிய பங்கு எது, கம்பெனிக்கோ பயிற்சி மையத்துக்கோ போவது எது என்பது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பாடிக்கு இந்த விஷயம் புதிதல்ல. 1960-களில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்த ஊர் இது. லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்ட அதே 1961-இல்தான் நாடாளுமன்றம் தொழிற்பழகுநர் சட்டத்தையும் நிறைவேற்றியது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும், இங்கே ஐ.டி.ஐ. முடித்த ஒருவர் தொழிற்சாலைக்குள் நுழையும் முதல் வாசல் பெரும்பாலும் அந்தச் சட்டம்தான்.

மூன்று பெயர்கள், மூன்று நிலைகள்

ஒரே லைனில், ஒரே மெஷினில், ஒரே நிறச் சட்டையோடு நிற்கும் மூன்று பேர் சட்டத்தின் பார்வையில் மூன்று வகையினராக இருக்கலாம்.

முதலாமவர் அப்ரண்டிஸ், அதாவது பழகுநர். இவருக்கும் கம்பெனிக்கும் இடையே பழகுநர் ஒப்பந்தம் இருக்கும். அது அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவாகியிருக்கும். இவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்று தொழிற்பழகுநர் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் இவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. பி.எஃப். பிடித்தம் கிடையாது. இரண்டு ஆண்டுகளில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்கிற 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தைக் காட்டி, அப்ரண்டிஸாக இருந்த நாள்களுக்கு உரிமை கோருவதும் நடக்காது.

இரண்டாமவர் கம்பெனியோ ஒப்பந்தக்காரரோ வேலைக்கு எடுத்த தொழிலாளி. குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., வரம்புக்குட்பட்ட சம்பளத்துக்கு ஈ.எஸ்.ஐ. எல்லாமே இவருக்கு உண்டு.

மூன்றாமவர் வெறும் 'டிரெய்னி'. ஆபத்து அதிகம் இவருக்குத்தான். கடிதத்தில் 'டிரெய்னி' என்று இருக்கும், இணையதளத்தில் பழகுநர் ஒப்பந்தம் பதிவாகியிருக்காது, ஷிஃப்ட் மட்டும் முழு ஷிஃப்ட். ஒருவரை டிரெய்னி என்று அழைத்துவிட்டாலே தொழிலாளர் சட்டங்கள் விலகிப்போவதில்லை. பழகுநர் சட்டம் தரும் விலக்கு, அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டவர்களுக்குத்தான். முறையான பயிற்சி எதுவுமில்லாமல் உற்பத்தி வேலையை மட்டும் செய்யும் டிரெய்னி, நான் தொழிலாளிதான் என்று வாதாட இடமுண்டு. பொறியியல் கல்வியை நெறிப்படுத்தும் ஏஐசிடிஇ கொண்டுவந்த 'நீம்' திட்டத்தில் டிரெய்னிகள் உற்பத்தி லைன்களில் நிறுத்தப்படுவதாகத் தொழிற்சங்கங்கள் தொடர்ந்து புகார் சொல்லிவந்தன. பின்னர் அந்தத் திட்டத்துக்கான விதிமுறைகளை ஏஐசிடிஇ-யே விலக்கிக்கொண்டது.

பணம் எப்படிப் பிரிகிறது?

2016-இல் தொடங்கிய தேசிய பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. முன்பு இந்தப் பணம் கம்பெனிக்குத் திருப்பித் தரப்பட்டது. இப்போது பழகுநரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது.

ஐ.டி.ஐ. முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019-இல் திருத்திய விதிப்படி அவருக்குக் குறைந்தபட்சம் 7,000 ரூபாய். இதில் 25 சதவீதம் 1,750 ஆனாலும் உச்சவரம்பு 1,500 என்பதால் அரசு தருவது அவ்வளவுதான். மீதி 5,500 ரூபாயைக் கம்பெனி தர வேண்டும். பாஸ்புக்கில் இரண்டு வரவுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கம்பெனி 5,500 போட்டிருக்கிறது, அரசு வரவையே காணோம் என்றால் ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம், ஒப்பந்தமே பதிவாகாமலும் இருக்கலாம். இரண்டையும் உடனே விசாரிக்க வேண்டும்.

இதே விதிப்படி பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000, பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். இது குறைந்தபட்சம்தான், கம்பெனி கூடுதலாகத் தரத் தடையில்லை. இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. எனவே கையெழுத்துப் போடும் நாளில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறது என்று இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் வரும் இன்னொரு வழி, தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம் நடத்தும் பழகுநர் திட்டம். அதில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கிறது.

வேலையிலேயே சேர்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல் பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டம் நடப்பில் இருக்கிறது. முதன்முறையாக பி.எஃப்.-இல் சேர்பவருக்கு ஒரு மாதச் சம்பள அளவில், அதிகபட்சம் 15,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கிடைக்கும். ஆறு மாதம் வேலையில் நீடித்தால் முதல் தவணை. பன்னிரண்டு மாதம் முடித்து, நிதி அறிவுப் பயிற்சியையும் முடித்தால் இரண்டாவது. ஆள் எடுக்கும் கம்பெனிக்கு ஒரு ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை தனி ஊக்கத்தொகை இருக்கிறது. அது அவர்கள் கணக்கு. உங்கள் 15,000-த்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறோம் என்றோ, ஏஜென்டுக்குப் பாதி என்றோ யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. முன்பு எப்போதோ ஒரு ஒப்பந்தக்காரரிடம் இரண்டு மாதம் வேலை பார்த்திருப்பீர்கள். அவர் உங்கள் பெயரில் பி.எஃப். கணக்குத் தொடங்கியிருந்தால் நீங்கள் 'முதன்முறை' ஆள் அல்ல. பழைய யு.ஏ.என். எண் இருக்கிறதா என்று உமங் செயலியில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அப்ரண்டிஸுக்கும் உரிமை உண்டு

'நீ தொழிலாளி இல்லை' என்று சொல்லிவிட்டால் அப்ரண்டிஸுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு.

தொழிலாளருக்கு உள்ள உடல்நல, பாதுகாப்பு ஏற்பாடுகள் அவருக்கும் பொருந்தும். பிரஸ் மெஷினில் கை மாட்டினால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. அரசு அதிகாரியான பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அவரை ஓவர்டைம் செய்யச் சொல்லக் கூடாது. பீஸ் ரேட் கணக்கில் உதவித்தொகை தரக் கூடாது. ஒரு மாதத்துக்கான தொகை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். கம்பெனி ஒப்பந்தத்தை மீறியதால் பயிற்சி பாதியில் நின்றால், கடைசியாகப் பெற்ற உதவித்தொகை விகிதத்தில் மூன்று மாதத் தொகையை இழப்பீடாகத் தர வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் அவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும்.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்ரண்டிஸ், டிரெய்னி இருவரும் 'பணியாளர்' என்ற வரையறைக்குள் வருகிறார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். நீ பயிற்சிக்கு வந்தவள், உனக்கு இந்தச் சட்டம் கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்வது செல்லாது.

பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை உறுதியா? இல்லை. அப்ரண்டிஸை வேலைக்கு எடுப்பது கம்பெனியின் கொள்கையைப் பொறுத்தது. எனவே 'ஒரு வருஷம் முடிஞ்சா பெர்மனென்ட்' என்ற வாய்வார்த்தையை நம்பாமல், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் அப்படி ஒரு உறுதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தேர்வு எழுதித் தேசிய பழகுநர் சான்றிதழை வாங்கிவிடுவது முக்கியம். ரயில்வேயின் முதல் நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வே நிறுவனங்களில் பழகுநர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. பாடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் இடங்களுக்குப் போட்டி இருப்பது இதனால்தான்.

ஏமாறும் இடங்கள்

*கட்டணம்.* வேலைவாய்ப்புத் துறை நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கும், தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையத்தில் பதிவதற்கும் பைசா கிடையாது. 'நான் முதல்வன்' போன்ற அரசுத் திட்டங்களில் இடம் வாங்கித் தருகிறேன் என்று ஜிபே-யில் 2,000 ரூபாய் கேட்பவர் இடைத்தரகர், அவ்வளவுதான்.

*அசல் சான்றிதழ்.* காட்டுங்கள், ஒப்படைக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டால், என்னென்ன கொடுத்தீர்கள் என்ற பட்டியலில் கம்பெனி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

*வெற்றுத்தாள்.* ராஜினாமா கடிதம், வருகைப்பதிவு, வங்கிப் படிவம் எதிலும் நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

*போலிப் பயிற்சி.* நீங்கள் போகாத வகுப்புக்கு உங்கள் பெயரில் வருகை பதிவாகலாம், சான்றிதழும் வரலாம். பிரதமரின் திறன் வளர்ப்புத் திட்டம் குறித்து 2025 டிசம்பரில் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, பயிற்சி பெற்றவர்களின் பதிவுகளில் 94 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் வங்கிக் கணக்கு விவரம் வெறும் பூஜ்யங்களாகவோ காலியாகவோ இருந்ததைச் சுட்டிக்காட்டியது. ஆதார் ஓடிபி-யையும் கைரேகையையும் 'சும்மா ஒரு பதிவுக்கு' என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

*விட்டுப்போகும் பதிவு.* வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தமிழக அரசு வேலையற்றோருக்குத் தரும் உதவித்தொகை பத்தாம் வகுப்பு தேர்ச்சிக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டத்துக்கு 600 ரூபாய். தொகை சிறிதுதான். ஆனாலும் அதைப் பெற ஐந்தாண்டு தொடர்ந்து பதிவில் இருந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல், ஓராண்டுப் பதிவே போதும். அம்பத்தூர் பகுதி 2018-இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. அதற்கு முன் பதிந்தவர்கள் தங்கள் பதிவு எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தவறு நடந்தால் எங்கே போவது?

முதலில் கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு எழுத்துமூலம் மனு கொடுங்கள். பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். பிறகு நடவடிக்கை எடுக்கும் எந்த அதிகாரியும் முதலில் கேட்பது இதைத்தான்.

அப்ரண்டிஸ் ஒப்பந்தம் தொடர்பான தகராறைப் பழகுநர் ஆலோசகர் விசாரிப்பார். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் மனு தரலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் தலைமையிடம் கிண்டியில் இருக்கிறது. ஆலோசகரின் முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், தேதியைத் தவறவிடாதீர்கள். உங்கள் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்பதையே மறைத்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

சம்பளப் பாக்கி, குறைந்தபட்ச ஊதியம் என்றால் தொழிலாளர் துறை. பி.எஃப். பிடித்தும் கட்டவில்லை என்றால் முகப்பேரில் இயங்கும் அம்பத்தூர் வட்டார பி.எஃப். அலுவலகம், அல்லது 14470 என்ற உதவி எண். ஆன்லைனில் பணம் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். மாநில அரசு அலுவலகம் எதுவும் மனுவைக் கண்டுகொள்ளாவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

சேரும் நாளில் செய்ய வேண்டியவை

- என்னை எந்த நிலையில் எடுக்கிறீர்கள், எந்தத் திட்டத்தின்கீழ் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.
- அப்ரண்டிஸ் என்றால் ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டு, இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.
- எந்தத் தொழிற்பிரிவு, எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, இறுதியில் எந்தச் சான்றிதழ் என்பது தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.
- தொழிலாளி என்றால் யு.ஏ.என்., ஈ.எஸ்.ஐ. எண்கள் முதல் மாதத்திலேயே வர வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் என்றால் அவர் பெயர், முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளையும் கேட்டைத் தாண்டும் முன் செல்போனில் படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவு கேட்டால் வேலை போய்விடுமோ என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அவர்களுக்கும் நீங்கள் தேவை. முறையாக நடத்தும் கம்பெனி பதிவு எண்ணைச் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாது. இந்தக் கேள்விகளுக்கே கோபப்படும் இடத்தில், ஒரு வருடம் கழித்துச் சம்பளப் பாக்கியைக் கேட்க நேர்ந்தால் என்ன பதில் கிடைக்கும் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.