இன்னும் ஒரு வெட்டு பாக்கி!

பழைய அம்பாசடர் வைத்திருப்பவனுக்கு ஊர் பூராவும் ஆலோசகர்கள்தான். சிக்னலில் நின்றால் பக்கத்து ஸ்கூட்டர்காரர் கண்ணாடியைத் தட்டி, "சார், பின்னாடி புகை!" என்பார். என்னவோ நமக்குத் தெரியாமல் புகை திருட்டுத்தனமாக வெளியேறுகிற மாதிரி. பெட்ரோல் பங்கில் ஒருவர் "எடைக்குப் போட்டா நல்ல காசு" என்பார். மாமனார் வீட்டில், "2021லேயே மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தாச்சே மாப்ளே!" என்பார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் வண்டி அப்பாவின் வண்டி. 1985 மாடல், மார்க் 4. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர், பி.எஃப். பணத்தில் வாங்கியது. இப்போது அவருக்கு 76 வயது. கையில் நடுக்கம். காபி டம்ளரை முக்கால்தான் நிரப்பிக் கொடுக்கிறோம்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, பானெட்டைக்கூடத் திறக்காமல், "எஞ்சின் முடிஞ்சிடுச்சு சார். புதுப்பேட்டையில வேற எஞ்சின் வாங்கிப் போட்டுடுவோம். இல்லேன்னா வித்துடுங்க" என்றார்கள். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"முடிஞ்சு போச்சுன்னானே... எதை அளந்து பாத்துட்டு சொன்னான்?"

நான் பாரிமுனைப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் பில் போடுகிற ஆசாமி. ஸ்பேனர் பிடித்த கை அல்ல. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வேறு எஞ்சின் போடுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லிப் பதிவை மாற்ற வேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்கிற எஞ்சினின் பூர்வாசிரமம் யாருக்குத் தெரியும்? ஆகவே, வீட்டிலேயே பிரிப்பது என்று தீர்மானம் ஆனது. கை என்னுடையது, மூளை அப்பாவுடையது என்று ஒப்பந்தம்.

புகைக்கும் ஜாதகம் உண்டு

முதல் பாடம்: புகையின் நிறம் பார். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. விடாத வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே கசிகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எங்களுடையது சுத்தமான நீலம்.

ஆயில் எந்த வழியாகப் போகிறது? பிளக்குகளைக் கழற்றி, கம்ப்ரெஷன் மீட்டரை வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன். நான்கு சிலிண்டரும் வரிசையாக 105, 70, 75, 100 பவுண்டு காட்டின. இரண்டாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பார்க்கச் சொன்னார். 70 என்றது 110 ஆனது!

"ஆயில் போய் ரிங்கைச் சுத்தி அடைச்சுது, பிரஷர் ஏறிச்சு. அப்போ கோளாறு ரிங்குலயும் போர்லயும்தான். ஏறாம இருந்திருந்தா வால்வு" என்றார் அப்பா. ஒரு ஸ்பூன் ஆயிலில் வியாதி தெரிந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் அந்த ஒரு ஸ்பூனைத்தான் செலவழிக்கவில்லை.

பணியாரக் கல் போதவில்லை

எஞ்சினைத் தூக்குவதற்குக் காசிமேட்டிலிருந்து உதவி வந்தது. விசைப்படகு வைத்திருக்கும் ஒரு நண்பர் முக்காலியும் செயின் பிளாக்கும் கொண்டுவந்தார். அந்தப் பக்கத்துப் படகுகளில் லேலண்ட் எஞ்சின்கள் நிறைய. அவரைப் பொறுத்தவரை அம்பாசடர் எஞ்சின் சுண்டைக்காய். "இதுக்கா இவ்ளோ பேரு?" என்று கேட்டுவிட்டுத் தனியாகவே இழுத்து வெளியே வைத்துவிட்டார்.

பிரிப்பதில் ஒரே ஒரு சட்டம்தான். எது எங்கே இருந்ததோ அது அங்கேயே திரும்பப் போக வேண்டும். இத்தனை வருஷம் ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகிய ஜோடிகளைப் பிரித்து மாற்றிக் கட்டினால் வீட்டில் மாதிரிதான், சத்தம் வரும்! நான்கு கனெக்டிங் ராடுகளுக்கும் நம்பர் உண்டா என்று பார்த்து வைத்தோம். எட்டு புஷ் ராடுகளை அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வரிசையாகச் செருகினோம். எட்டு டேப்பெட்டுகளுக்குப் பணியாரக் கல்லை எடுத்தேன். அதில் ஏழு குழி! கடைசியில் நாலு குழி இட்லித் தட்டு இரண்டைக் கேட்டு வாங்கினேன். அந்தத் தட்டுகள் பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கழுவுவதற்கு டீசல். பெட்ரோல் கூடாது. அதன் ஆவி அடுப்பங்கரை வரை நடந்து போகும்.

22ஐ 22/7 ஆல் வகுத்தால்...

ஹெட்டைக் கழற்றியதும் அப்பா சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்து மெல்ல இறக்கினார். நகம் ஓரிடத்தில் 'டக்' என்று தட்டியது. வயலில் வரப்பு மாதிரி ஒரு விளிம்பு.

ரிங் எட்டாத உச்சி அப்படியே இருக்கும். அதற்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் அதிகம். பெட்ரோல் வெடிக்கிற சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். ஆயில் போய்ச் சேருவதும் அங்கேதான் குறைச்சல். கீழே போகப் போகத் தேய்மானம் குறையும். ஆக, வட்டமான குழாய் கொஞ்சம் கொஞ்சமாகப் புனல் மாதிரி ஆகிவிடுகிறது.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு ரிங்கைக் கழற்றி சிலிண்டரின் அடியில், தேயாத இடத்தில், பிஸ்டனால் தள்ளி நேராக நிறுத்தி, அதன் வாயில் இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்தேன். 14 தௌ. (ஒரு தௌ என்பது ஆயிரத்தில் ஒரு அங்குலம். நம் தலைமுடியே சுமார் மூன்று தௌ கனம்.) அதே ரிங்கை மேலே வரப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன். 36 தௌ. வித்தியாசம் 22.

"சுற்றளவு 22 கூடியிருக்கு. விட்டம் எவ்ளோ கூடியிருக்கும்? நீ பி.காம். ஆச்சே, சொல்லு!"

22ஐ 22/7 ஆல் வகுத்தால் 7. பத்தாம் வகுப்பில் பை எதற்கு என்று வாத்தியாரைக் கேட்டு பெஞ்சு மேல் நின்றவர்கள் கவனிக்கவும். இதற்குத்தான்!

ஏழு தௌ. அதாவது, இரண்டு முடி கனத்துக்குக் கொஞ்சம் அதிகம். இந்த எஞ்சினை முடிந்து போனதாகச் சொல்ல வைத்தது அவ்வளவுதான். ரிங்கை மட்டும் மாற்றி இதைச் சமாளிக்க முடியாது. புனலுக்குள் எந்த ரிங் போட்டாலும் ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தொளதொளப்பு. லேத்துக்குப் போய் 'போர்' அடித்தாக வேண்டும். உங்களுக்குப் போர் அடிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசி வெட்டா?

இந்த 1489 சி.சி. எஞ்சினின் போர் புதிதில் 73.025 மில்லிமீட்டர். தேய்ந்தால் 10, 20, 30, 40 தௌ என்று படிப்படியாக அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். 40க்கு மேல் வழக்கம் இல்லை. பிறகு லைனர் இறக்கித்தான் பிழைக்க வைக்க வேண்டும்.

எங்கள் பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டினால் 20 என்று எண். ஏற்கெனவே யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

பிளாக்கைக் குட்டி யானையில் ஏற்றி ராயபுரத்தில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனோம். மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே! படகெல்லாம் கரையில். அவற்றின் எஞ்சின்கள் எங்களுக்கு முன்னால் க்யூவில். ஒருவாறு எங்கள் முறை வந்தது. லேத்துக்காரர் பிளாக்கைப் பார்த்து,

"தோ பாரு தம்பி, எதுக்கு வம்பு? ஒரேயடியா ஃபார்ட்டி அட்ச்சிடலாம். சுத்தமா வந்துரும்."

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "நாற்பது அடிச்சா அதோட சரி. அடுத்த தபா இதுக்கு வெட்டே இல்லியேப்பா. டயல் கேஜ் போட்டு நாலையும் அளந்து சொல்லு."

"நைனா, நானு இருவது வருசமா..."

"நான் முப்பத்தியோரு வருசம்பா. அளந்துரு."

அவர் சிரித்துவிட்டு அளந்தார். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ், நீளவாட்டம், குறுக்குவாட்டம். நான் ஆபீஸ் வழக்கப்படி டைரியில் கட்டம் போட்டு எழுதினேன். அதிகபட்சம் முதல் சிலிண்டரில். அங்கே கேஜும் அதே ஏழைத்தான் காட்டியது. மற்ற மூன்றிலும் அதைவிடக் குறைவு. லேத்துக்காரர் கட்டத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "தர்ட்டியிலயே சுத்தமாயிடும் நைனா."

"பிஸ்டனை முதல்ல வாங்கி அவர் கையில குடு. பிஸ்டனை அளந்துட்டுத்தான் போர் வெட்டணும். பொண்ணு கையைப் பார்க்காம வளையல் வாங்கறதில்ல பாரு" என்றார் அப்பா என்னிடம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் மூன்று கடை ஏறி இறங்கி 30 ஓவர்சைஸ் செட் பிடித்தேன். கிராங்கையும் அளந்து 10 தௌ தேய்த்து, அதற்கேற்ற மெட்டல்.

எஞ்சினின் தாய் வீடு

லேத்தில் காத்திருந்தபோது அப்பா சொன்ன கதை இது. 1948ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் 1949 முதல் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. 1955ல் அதுவே அசோக் லேலண்ட். அந்த ஏ40ன் 1200 சி.சி. எஞ்சினை அடிப்படையாக வைத்துத்தான் பிரிட்டனில் 'பி சீரிஸ்' எஞ்சினை உருவாக்கினார்கள். அதன் 1489 சி.சி. வடிவம்தான் பிறகு கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அம்பாசடருக்குள் போனது. அம்பாசடர் உற்பத்தி 2014ல் நின்றது. ஆக, இந்த எஞ்சினின் மூத்த உறவு ஏற்கெனவே எண்ணூர் தண்ணீர் குடித்ததுதான்!

அது மட்டுமா? செம்பியத்தில் 1949ல் இந்தியா பிஸ்டன்ஸ். 1954ல் உருவான கார்போரண்டம் யுனிவர்சலின் சாணைக் கற்களும் உப்புத்தாளும் திருவொற்றியூரில். 1955ல் என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டும் இங்கேதான். பிஸ்டன், உப்புத்தாள், மோட்டார் சைக்கிள் எல்லாம் செய்த வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு 'எஞ்சின் முடிஞ்சு போச்சு' என்று சொல்லலாமா?

வேட்டிப் பரீட்சை

வெட்டி வந்த சிலிண்டர் சுவரில் கோலத்தில் இழுத்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். ஆனால் கல்லின் பொடியும் அங்கேயே ஒளிந்திருக்கும். டீசலில் கழுவினால் போகாது. சுடுதண்ணீர், சோப்புத்தூள், பிரஷ். பிறகு அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியால் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் தெரிகிறவரை மறுபடி கழுவ வேண்டும். எனக்கு ஐந்து தடவை ஆயிற்று. உடனே ஆயில் தடவ வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம். ஒரு ராத்திரி சும்மா விட்டால் காலையில் சிலிண்டருக்குக் காவி பூசியிருக்கும்.

வால்வுகளை பேஸ்ட் தடவி, மத்தால் மோர் கடைவது போல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தேய்த்தேன். பூட்டும்போது ஒவ்வொரு மெட்டல் மூடியையும் முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எதை முறுக்கியபோது இறுகுகிறதோ, அதில்தான் வில்லங்கம். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பார்த்தால் யாரைச் சந்தேகப்படுவது? டைமிங் செயினில் இரண்டு சக்கரத்தின் புள்ளிகளும் முகம் பார்த்து நிற்க வேண்டும். நட்டெல்லாம் புத்தகத்தில் சொன்ன இறுக்கத்துக்கு, இரவல் வாங்கிய டார்க் ரெஞ்சால். 'கை மதிப்பு' என்ற வார்த்தையையே அப்பா அனுமதிக்கவில்லை.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். ஆறாவது ஞாயிறு பிளக் இல்லாமல் சுற்றவிட்டு, ஆயில் விளக்கு அணைந்த பிறகு பிளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. அப்பா நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை பிளாக்கில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்துக்கொண்டார். கை நடுங்கியது. முகம் நடுங்கவில்லை. நான்கு சிலிண்டரிலும் இப்போது கம்ப்ரெஷன் 140ஐ ஒட்டி. முதல் ஆயிரம் கிலோமீட்டர் அறுபதைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்பவனுக்கு இந்த உத்தரவே அனாவசியம்!

செலவு என் இரண்டு மாதச் சம்பளத்துக்குள் அடங்கியது. புது எஞ்சின் மாதிரியா என்று கேட்காதீர்கள். தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் எவ்வளவு தேய்ந்தது என்று அளக்காமல் எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

அளவுகளை எழுதிய பக்கத்தை டைரியிலிருந்து கிழிக்கச் சொன்னார் அப்பா. அதன் அடியில் தேதியும், 'போர் 30, கிராங்க் 10' என்றும், 'போரில் இன்னும் ஒரு வெட்டு பாக்கி' என்றும் எழுதச் சொன்னார். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு வண்டியிலேயே வைத்திருக்கிறோம்.

"எதுக்குப்பா இது?" என்றேன்.

"அடுத்து திறக்கிறவனுக்குத் தெரிய வேணாமா?" என்றார்.